ஆறாத 'படர்தாமரை', பேஜெட் நோய்: சிகிச்சை பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

கடலூர், தோல் மருத்துவர்:
இங்கே சொல்வது மார்பகத்துக்கு வெளியே, பிறப்புறுப்புத் தோலில் வரும் பேஜெட் நோய்; படர்தாமரை போலத் தெரியும் ஒரு தோல் புற்றுநோய். விதைப்பையிலோ பெண்ணுறுப்பின் வெளிமடலிலோ ஒரு பக்கமாகச் சிவந்து, கசிந்து, ஓயாமல் அரிக்கும் தடிப்பு. வருகிறவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். வருவதற்குள் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய க்ளோபெட்டாசால் என்ற கடும் ஸ்டீராய்டு கலந்த ட்யூப்கள் பல தீர்ந்திருக்கும். அரிப்பு அடங்கும், தடிப்பு பரவும். சுரண்டிப் பார்த்ததில் பூஞ்சை இல்லை, சரியான மருந்து ஆறு வாரம் போட்டும் மாறவில்லை என்றால் இன்னொரு ட்யூப் எழுதுவது தவறு. தடித்த இடத்தில் 4 மி.மீ. பஞ்ச் பயாப்ஸி (வட்டக் கத்தியால் சிறு தோல் துண்டு எடுத்துச் சோதிப்பது), தடிப்பு பெரிதானால் இரண்டு மூன்று இடங்களில்.

புதுச்சேரி, நோய்க்குறியியல்:
சார் சொன்னதோடு ஒன்று. தனியார் லேபில் பயாப்ஸி செய்துவிட்டு ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனைக்கு வராதீர்கள். பாரஃபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்த திசு) ஸ்லைடுகளையும் கேட்டு வாங்குங்கள். பிளாக் இருந்தால் மறுபடி வெட்டாமலே செல்லின் புரதங்களைக் காட்டும் சாயச் சோதனை செய்யலாம். சிகே7, சிகே20 அப்படிப்பட்ட புரதங்கள். சிகே7 பாசிட்டிவ், சிகே20 நெகட்டிவ் என்றால் பெரும்பாலும் தோலிலேயே தொடங்கியது. சிகே20 பாசிட்டிவ் என்றால் மலக்குடலிலும் சிறுநீர்ப்பையிலும் மூலம் இருக்கிறதா என்று தேடாமல் கத்தியைத் தொடக் கூடாது. அடித்தோலுக்குள் இறங்கியிருக்கிறதா, எத்தனை மி.மீ. என்பதும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். சிகிச்சையே அதைப் பொறுத்துத்தான்.

புற்றுநோய் அறுவை மருத்துவர்:
இந்த நோயில் கண்ணுக்குத் தெரியும் ஓரம் நோயின் ஓரம் அல்ல. செல்கள் நல்ல தோல் போலத் தெரியும் இடத்திலும் சிதறிக் கிடக்கும். அதனால்தான் 2 செ.மீ. தள்ளி வெட்டியும் திரும்பி வருகிறது. வெட்டும் முன் தடிப்பைச் சுற்றிப் பல திசைகளில் சிறு பயாப்ஸி எடுத்து எல்லை வரைந்துகொள்வது நல்லது. அறுவையின்போதே திசுவை உறைய வைத்துப் பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷனை மட்டும் நம்பித் தைத்துவிட்டால் சில நேரம் ஏமாற்றும். காயத்தை டிரெஸிங்கோடு விட்டு, பாரஃபின் முடிவில் ஓரம் சுத்தம் என்று வந்தபின் தொடைத் தோல் ஒட்டினால் நிம்மதி. அடுக்கடுக்காக வெட்டி ஒவ்வொன்றையும் உடனே நுண்ணோக்கியில் பார்க்கும் மோஸ் முறையில் மறுவருகை குறைவு, ஆனால் எல்லா ஊரிலும் கிடையாது. ஆழமாக இறங்கியிருந்தால் இடுப்பு மடிப்பு நிணக்கட்டியையும் பார்க்க வேண்டும். அறுவை தாங்காதவர்களுக்குக் கதிர்வீச்சு, சுமார் 60 கிரே (கதிர்வீச்சின் அலகு), வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம். பரவிய நிலையில் செல்லில் ஹெர்2 என்ற புரதம் பாசிட்டிவ் என்றால் அதைத் தாக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து ஒரு வழி.

செவிலியர், புதுச்சேரி:
தோலின் நோய் எதிர்ப்பைத் தூண்டும் இமிக்விமாட் 5% க்ரீம் பற்றி யாரும் எழுதலையே. தோலின் மேலடுக்கிலேயே நிற்கும் நோய்க்குத்தான் அது. வாரம் மூன்று இரவு, மெல்லிய பூச்சு, காலையில் சோப்புப் போட்டுக் கழுவணும். பதினாறு வாரம் வரை போகும். சிவந்து புண்ணாகும், மருந்து வேலை செய்வதன் அறிகுறி அது. பயந்து நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் கேட்டுச் சில நாள் இடைவெளி விட்டுத் தொடரலாம். காய்ச்சல், உடம்புவலி வரலாம். தோல் வெளிறி நல்லாயிட்ட மாதிரி தெரிந்தாலும் முடிவில் மறு பயாப்ஸி கட்டாயம்.

தோல் ஒட்டினவங்களுக்கு நம்ம ஊர் வியர்வைதான் எதிரி. ஒட்டிய இடம் ஐந்து நாள் அசையாமல், சிறுநீர்க் குழாயோடு இருக்கணும். அப்புறம் தளர்ந்த வேட்டி அல்லது நைட்டி; நைலான் உள்ளாடை வேண்டாம்.

கடலூர், தோல் மருத்துவர்:
அக்கா சொன்னதோடு: ஐந்து வருஷம் கழித்தும் திரும்பி வரும். முதல் மூன்று வருஷம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருஷத்துக்கு ஒருமுறை காட்டணும். தழும்பின் ஓரத்தில் புதுச் சிவப்பு தெரிந்தால் தேதி பார்க்காமல் வாருங்கள்.