மறைந்த என் கணவர் நம்பருக்கு வரும் அழைப்புகளை எப்படி நிறுத்துவது?

வணக்கம். என் கணவர் தவறி நாலு மாதம் ஆகிறது. அவர் போனை அணைக்க முடியவில்லை; பேங்க் ஓடிபி, கேஸ் புக்கிங் எல்லாம் அந்த நம்பரில்தான். காலையிலேயே ஆரம்பித்துவிடும்: லோன், கிரெடிட் கார்டு, மனை விற்பனை. "சார் இருக்காரா மேடம்?" முதல் தடவை என்னையறியாமல் "வெளியே போயிருக்கார், சாயங்காலம் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பையனும் சரியாக ஆறு மணிக்குக் கூப்பிட்டான்.

1909க்கு 'ஸ்டார்ட் 0' என்று எஸ்எம்எஸ் அனுப்பி டிஎன்டி (விளம்பர அழைப்பு வேண்டாம் என்ற பதிவு) போட்டாயிற்று. 140இல் தொடங்கும் அழைப்புகள் குறைந்தன. சாதாரணப் பத்து இலக்க நம்பர்கள்தான் நிற்கவில்லை.

போன வாரம் ஒருவர் என் கணவர் பெயர், இறந்த தேதி எல்லாம் சரியாகச் சொல்லி, பாலிசி போனஸ் வந்திருக்கிறது, ஜிஎஸ்டியை மட்டும் முன்னால் கட்டுங்கள் என்றார். கட்டவில்லை. (பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்குச் சொல்லணுமாம், மகன் சொன்னான்.) தேதி எப்படித் தெரிந்தது? கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் நம்பர் போட்டது தப்போ என்னவோ.

சிம்மை உங்கள் பெயருக்கு மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இறப்புச் சான்றிதழ் போதுமா, வாரிசுச் சான்றிதழும் கேட்டார்களா? மாற்றியபின் டிஎன்டியை மறுபடி போடணுமா? அப்புறம், அந்தப் பத்து இலக்க ஆட்களை என்ன சொல்லி நிறுத்தினீர்கள்?