அப்பியம் சர்வர் ஸ்டாப் கொடுத்தும் நிற்கவில்லை, அவசரம்

பெல்லந்தூர்_டெஸ்டர்
மக்களே, மொபைல் ஆப்பைத் தானாக டெஸ்ட் செய்யும் அப்பியம் (Appium) சர்வரை ஜாவா கோடிலிருந்தே ஸ்டார்ட் செய்கிறேன். முதல் ரன் சுத்தமாகப் போகிறது. கடைசியில் ஸ்டாப் செய்யவும் எழுதியிருக்கிறேன், எரர் எதுவும் இல்லை. ஆனால் அடுத்த ரன்னில் 4723 போர்ட்டை ஏற்கெனவே யாரோ பிடித்திருப்பதாகச் சொல்லி விழுந்துவிடுகிறது. மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது. நாளைக்குக் காலையில் டெமோ. சீக்கிரம் சொல்லுங்கள்.

ஒயிட்ஃபீல்டு_வாசி
விண்டோஸா, மேக்கா? அப்பியம் எந்த வெர்ஷன்? ஸ்டார்ட் செய்யும் வரியையும் ஸ்டாப் செய்யும் வரியையும் அப்படியே போடுங்கள். இல்லாவிட்டால் ஆளுக்கொன்று குத்துமதிப்பாகச் சொல்வோம்.

நோடு_நேசன்
அப்பியத்தை ஓட்டும் நோடு ஜேஎஸ் (Node.js) இருக்கும் இடம், அதாவது நோடு பாத் (path) தான் காரணம், சந்தேகமே வேண்டாம். நோடு வெர்ஷன்களை மாற்றித் தரும் என்விஎம் (nvm) வழியாக நோடு போட்டிருப்பார். மேக்கில் டாக்கிலிருந்து (Dock) கோடு எழுதும் ஐடிஇயான இன்டெல்லிஜேயைத் திறந்தால் டெர்மினலில் இருக்கும் பாத் அதற்குக் கிடைக்காது. நோடு எங்கே, அப்பியத்தின் மெயின் ஜேஎஸ் எங்கே என்று, ஜாவாவிலிருந்து சர்வரைக் கிளப்பும் சர்வீஸ் பில்டரில் கையால் கொடுத்துவிடுங்கள்.

அல்சூர்காரன்
பாத் தப்பென்றால் முதல் ரன்னே எழுந்திருக்காதே? அவர் கேட்பது நிறுத்துவதைப் பற்றி.

மடிவாளா_மைனா
இவ்வளவு யோசிக்க வேண்டாம் ப்ரோ. எல்லா டெஸ்டுக்கும் முன்னால் ஓடும் பிஃபோர் சூட்டில், ப்ராசஸைக் கொல்லும் டாஸ்க்கில் (taskkill) கமாண்டு ஒரு வரி போட்டு எல்லா நோடையும் கொன்றுவிடுங்கள். எங்கள் டீமில் ரொம்ப நாளாக இப்படித்தான் ஓடுகிறது.

ஒயிட்ஃபீல்டு_வாசி
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எங்கள் லேப் மெஷினில் யாரோ இதே வரியைப் போட்டு, பக்கத்து டீமின் ரன் பாதியில் செத்தது. ராத்திரி முழுக்க ஓட வேண்டிய ரெக்ரஷன் டெஸ்ட் அது. பொது மெஷினில் நோடு உங்களுடையது மட்டுமா?

மடிவாளா_மைனா
அவர் பொது மெஷின் என்று சொல்லவே இல்லையே. சொந்த லேப்டாப்பில் கொன்றால் யாருக்கு நஷ்டம்?

மூத்த_ஆட்டோமேஷன்
இதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. டிரைவர் குவிட் கொடுத்தால் செஷன் (போனோடு டெஸ்ட் வைத்திருக்கும் இணைப்பு) மட்டும்தான் முடியும், சர்வர் நிற்காது. இது பாலபாடம். டாக்குமென்டேஷனை ஒரு முறையாவது படித்துவிட்டு வந்து கேட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சம். தவிர, சர்வரைக் கோடிலிருந்து கிளப்புவதே தேவையில்லாத வேலை. டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸில் (Jenkins) தனி ஸ்டேஜாக வையுங்கள்.

அல்சூர்காரன்
அவர் குவிட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை சார். நாலைந்து போனை ஒரே நேரத்தில் ஓட்டுகிறவர்களுக்குப் போனுக்கு ஒரு சர்வர் கோடிலிருந்து கிளப்புவது எவ்வளவோ வசதி. லாகும் தனித்தனி ஃபைலாக வரும்.

பெல்லந்தூர்_டெஸ்டர்
விண்டோஸ் 11, அப்பியம் 2. வெளி கமாண்டை ஓட்டும் ஜாவாவின் ரன்டைம் எக்ஸெக்கில், சிஎம்டி (விண்டோஸ் கமாண்டு ப்ராம்ப்ட்) வழியாக அப்பியம் கமாண்டைக் கொடுக்கிறேன். முடிவில் அந்த ப்ராசஸை நிறுத்த டெஸ்ட்ராய் கொடுக்கிறேன்.

அல்சூர்காரன்
அதுதான் விஷயம். உங்கள் கையில் இருக்கும் ப்ராசஸ் சிஎம்டி. அதற்குக் கீழே பிறந்ததுதான் நோடு. டெஸ்ட்ராய் சிஎம்டியை மட்டும் முடிக்கிறது. நோடு அநாதையாக 4723-இல் உட்கார்ந்திருக்கிறது. ரன் முடிந்ததும் நெட்ஸ்டாட் கமாண்டில் மைனஸ் ஏஎன்ஓ கொடுத்து 4723 இருக்கும் வரியைப் பாருங்கள். கடைசி நெடுவரிசையில் இருக்கும் எண்ணை டாஸ்க் மேனேஜரின் டீட்டெய்ல்ஸில் தேடினால் நோடுதான் நிற்கும். இப்போதைக்கு அந்த ஒன்றை மட்டும் கொல்லுங்கள்.

அப்புறம் எக்ஸெக்கைத் தூக்கிவிட்டு, ஜாவா கிளையண்டில் இருக்கும் அப்பியம் டிரைவர் லோக்கல் சர்வீஸுக்கு மாறுங்கள். அது இடையில் சிஎம்டி இல்லாமல் நோடை நேரடியாகக் கிளப்புகிறது. அதனால் ஸ்டாப் கொடுத்தால் நோடே நிற்கும். சர்வீஸ் வேரியபிளை ஸ்டாட்டிக்காக வையுங்கள். முதலில் டிரைவர் குவிட், பிறகு சர்வீஸ் ஸ்டாப். கடைசியில் ஓடும் ஆஃப்டர் சூட்டில் ஆல்வேஸ் ரன் ட்ரூ (alwaysRun = true) கண்டிப்பாக வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் ஏதாவது ஃபெயில் ஆகும்போது ஸ்டாப்பே ஸ்கிப் ஆகலாம்.

இன்னொன்று. ரன் நடுவில் ஐடிஇயின் சிவப்புப் பட்டனை அமுக்கினால் ஆஃப்டர் சூட் வரை போகாது. அதற்கு பில்டரில் யூஸிங் எனி ஃப்ரீ போர்ட் கொடுங்கள், காலியாக இருக்கும் போர்ட்டை எடுத்துக்கொள்ளும். டிரைவருக்கு 4723 என்று எழுதாமல் சர்வீஸின் கெட் யுஆர்எல்லைக் கொடுத்தால் போதும்.

நோடு_நேசன்
சர்வீஸுக்கு மாறினால் நோடு பாத் நிச்சயம் உதைக்கும். நான் சொன்னதை அப்போது பாருங்கள்.

மூத்த_ஆட்டோமேஷன்
தனி ஸ்டேஜாக வைத்திருந்தால் இந்த இழையே வந்திருக்காது.

மடிவாளா_மைனா
சார், டெஸ்ட் எழுதுகிற எல்லாருக்கும் ஜென்கின்ஸில் கை வைக்க அனுமதி இருக்கிறதா? எங்களுக்குப் பைப்லைனில் ஒரு வரி மாற்றவே டிக்கெட் போட வேண்டும்.

பெல்லந்தூர்_டெஸ்டர்
சர்வீஸுக்கு மாற்றினேன். நோடு போய்விடுகிறது, அடுத்தடுத்த ரன்னும் ஓடுகிறது. பாத் எதுவும் கொடுக்கவில்லை. கேப் (டாக்சி) வந்துவிட்டது, கிளம்புகிறேன், நன்றி அல்சூர் அண்ணா.

ஹெப்பாள்_புதுசு
இதோடு ஒரு சந்தேகம். நானும் சர்வீஸ்தான் வைத்திருக்கிறேன். சர்வர் எழுகிறது, ஆனால் செஷன் கேட்டால் 404.

அல்சூர்காரன்
அப்பியம் 1-லிருந்து மாறியிருப்பீர்கள். யுஆர்எல் கடைசியில் டபிள்யூடி ஹப் (/wd/hub) இருந்தால் எடுத்துவிடுங்கள், அப்பியம் 2-இல் பேஸ் பாத் (போர்ட்டுக்கு அடுத்து வரும் பகுதி) வெறும் ஸ்லாஷ்தான். பழைய கோடை மாற்ற முடியாதென்றால் பில்டரில் பேஸ் பாத் ஆர்க்யுமென்டாக அதையே கொடுக்கலாம். ஆண்ட்ராய்டுக்கான யூஐ ஆட்டோமேட்டர் 2 டிரைவரைத் தனியாக இன்ஸ்டால் செய்தீர்களா?