பிள்ளைக்குப் பால் கொடுக்க நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல பட்ட பாடு: உங்க அனுபவத்தையும் எழுதுங்க

கருங்கல்காரி:
ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரியில தடுப்பூசி போட்டுட்டுத் திரும்புற வழி. பிள்ளை பசியில வீறிட்டு அழுது. பஸ் ஸ்டாண்டுல பாலூட்டும் அறைன்னு பெரிய போர்டு, கதவுல பூட்டு. சாவி வச்சிருந்தவரைத் தேடிப் பிடிச்சுத் திறந்தா, பிளீச்சிங் பவுடர் மூட்டை, ஒடிஞ்ச நாற்காலி, ஈரத் துடைப்பம். “அந்தச் சுவரைப் பாத்துத் திரும்பி இருந்து குடும்மா, யாரும் பாக்க மாட்டாவ”ன்னாரு. அவரு மேல கோவம் இல்ல. 2015 ஆகஸ்ட்ல தமிழ்நாட்டு பஸ் ஸ்டாண்டுகள்ல 352 அறை திறந்தாங்க. திறந்த அன்னைக்கு இருந்த அக்கறை மறுநாள் யாரு பொறுப்புல போச்சு? அதுதான் எனக்கு ஆறல.

தக்கலை ஆச்சி:
மகளுக்கு சிசேரியன், தனியார் ஆஸ்பத்திரி. அவ கண் முழிச்சு பிள்ளை முகத்தைப் பாக்கல, அதுக்குள்ள கட்டில் பக்கத்துல பால்பொடி டப்பா, ஸ்பூன், வெந்நீர் பிளாஸ்க்கு. யாரு வாங்கச் சொன்னான்னு கேட்டா, “எல்லாருக்கும் இதுதான் குடுக்கோம்”னு பதில். சிசேரியன் ஆனாலும் முதல் ஒரு மணி நேரத்துல பிள்ளையை மார்ல சேக்கலாம், சீம்பால் கொஞ்சந்தான் வரும், அது போதும்னு பெறவுதான் கிராம நர்ஸ் சொன்னாவ. பால்பொடிக்கு விளம்பரம் செய்யவோ இலவசமா குடுக்கவோ கூடாதுன்னு 1992லயே மத்திய சட்டம் வந்தாச்சு. அந்த வார்டு சுவர்ல அதை ஒருத்தரும் ஒட்டல.

குலசேகரம்:
ஆச்சி, பால்பொடியை ஒரேயடியா பழிக்காதீங்க. என் அக்காவுக்குப் பால் ஊறல, டாக்டர் சொல்லித்தான் குடுத்தோம். பிள்ளை நல்லா இருக்கான். அவளைத் தெருவுல நிறுத்தி “ஏன் தாய்ப்பால் குடுக்கல”ன்னு கேட்டவங்களைத்தான் நான் மறக்கல.
புதுத் தாய்மாருக்கு ஒண்ணு சொல்லுதேன். காம்பை மட்டும் வாயில வச்சா வலிக்கும், பாலும் சரியா இறங்காது. சுத்தியிருக்கிற கருப்புப் பகுதியும் பெரும்பாலும் பிள்ளை வாய்க்குள்ள போகணும், தாடை மார்புல ஒட்டணும். முதல் வாரம் கழிஞ்ச பெறவு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போனா பால் போதுதுன்னு அர்த்தம், அழுகையை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. பீய்ச்சி வச்ச பால் வெளியில நாலு மணி நேரம் தாங்கும். நம்ம ஊர்ச் சூட்டுக்கு அதுக்கு முன்னயே குடுத்திடுங்க. ஃபிரிட்ஜ்ல நாலு நாள் வரை வைக்கலாம். அடுப்புல கொதிக்க விடாம, பாத்திரத்தை வெந்நீருக்குள்ள இறக்கி வச்சு சூடாக்குங்க. ஆறு மாசம் வரை தண்ணியும் வேண்டாம், சேனைன்னு நாக்குல தடவுற சீனித் தண்ணியும் வேண்டாம்.

அண்டியாபீஸ் மகள்:
நீங்க சொன்னது எல்லாம் வீட்டுல இருக்கிறவங்களுக்கு. எங்க அம்மா அண்டியாபீஸ்ல (முந்திரி ஆலையில) அண்டி தல்லுனவ, அதாவது முந்திரிக்கொட்டையை உடைச்சுப் பருப்பெடுத்தவ. மத்தியானம் பாட்டி என் தம்பியைத் தூக்கிட்டு ஆபீஸ் கேட் வாசல்ல நிப்பா. அம்மா கையில அண்டித் தோட்டு எண்ணெய்க் கறை, பட்டா பிள்ளைத் தோல் வெந்திடும். சாம்பலும் எண்ணெயும் போட்டுத் தேச்சும் போகாது. பாட்டி பிள்ளையைப் பிடிச்சுக்க, அம்மா ரெண்டு கையையும் பின்னால வச்சுக்கிட்டு குனிஞ்சு பால் குடுப்பா. கிலோ கணக்குக்குத்தான் கூலி, அந்த நேரத்துக்குக் காசு இல்ல. ஐம்பது பொம்பளைகளுக்கு மேல வேலை பாத்தா பிள்ளைகளுக்கு அறை வேணும்னு 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே எழுதினாங்க. நான் அந்த அறையைப் பாத்ததே இல்ல.
2017ல பிரசவ லீவை 26 வாரமாக்கினாங்க, தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021ல ஒரு வருசம் ஆச்சு. சந்தோசம். ஆனா வீட்டோட சேந்த ஷெட்டுல நாலஞ்சு பேரா இருந்து தல்லுற பொண்ணுக்கு எந்த லீவு? கூலியோட லீவு அவளுக்கும் கிடைக்கணும்.

கருங்கல்காரி:
குலசேகரம், உங்க அக்காவை யாரும் குறை சொல்லல. ஆச்சி சொன்னது கேக்காமலே டப்பாவைக் கொண்டுவச்ச கதை. அது வேற, இது வேற. அண்டியாபீஸ் மகளே, திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்கு நான் அந்த பஸ் ஸ்டாண்டு அறைக்காகப் போறேன். உங்க ஷெட்டுப் பொண்ணுங்க விசயத்தையும் எழுதித் தாங்க, சேத்தே குடுக்கேன்.