பழைய கார்க் கண்காட்சிக்கு முதல் தடவை போகிறேன்: போனவர்கள் சொல்லுங்கள்

கொட்டாஞ்சேனை வாசி:
ஞாயிற்றுக்கிழமை கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் பழைய கார்கள் நிறைய வருகின்றன என்கிறார்கள். மகனுக்குப் பத்து வயது, கார்ப் பைத்தியம். எனக்கோ மொரிஸ் மைனருக்கும் ஒஸ்ரினுக்கும் வேறுபாடே தெரியாது. எத்தனை மணிக்குப் போவது, என்ன கொண்டுபோவது? நீங்கள் பார்த்தவற்றையும் எழுதுங்கள்.

பழைய இரும்பு:
நேரம்தான் முக்கியம், மற்றதெல்லாம் பிறகு. வாயில் திறக்கும்போதே போய் நில்லுங்கள். பத்து மணிக்கு மேல் போனால் வரிசையாக நிறுத்திப் பூட்டிய கார்களைத்தான் பார்ப்பீர்கள். காலையில் அவை உள்ளே நுழையும்போதுதான் கியரின் முனகல், புகை, உரிமையாளரின் பதற்றம் எல்லாம் கிடைக்கும். ஒருமுறை மொரிஸ் மைனர் ஒன்று என் கண்முன்னே வலப்பக்கம் திரும்ப முயன்றது. தொடக்க கால மைனரில், திரும்புவதைக் காட்ட மின்னும் விளக்கு கிடையாது. கதவுக்குப் பின்னாலுள்ள தூணிலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் சிறு கை ஒன்று வெளியே நீளும். அன்று அது பாதியில் சிக்கிக்கொண்டது. ஓட்டியவர் சற்றும் அசரவில்லை. உள்ளிருந்தபடியே தூணில் முழங்கையால் ஓர் இடி. கை நீண்டது, வண்டி திரும்பியது. பத்து மணிக்கு வருகிறவருக்கு இது கிடைக்குமா?

வேறுபாடு கண்டுபிடிப்பது கடினமல்ல. மைனர் சிறியது. முன்கண்ணாடியை நடுவில் ஒரு கம்பி பிரித்தால் 1956க்கு முந்தியது. வளைந்த ஒரே கண்ணாடி என்றால் அதற்குப் பிந்தியது. ஒஸ்ரின் ஏ-40 சோமசெட்டுக்குக் குண்டு உடம்பு, பொனெட்டின் நுனியில் இறக்கை முளைத்த ‘ஏ’ எழுத்து. வொக்ஸ்வேகன் பீட்டிலை உங்களுக்கு மகன் காட்டித் தருவான்.

பெயின்ட்டில் கை வைக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அதைவிட மோசமானவை இடுப்புப் பட்டியின் பக்கிளும் பையின் சிப்பும். உள்ளே எட்டிப் பார்க்கக் குனியும்போது அவைதான் கீறும். பையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக் குனியுங்கள்.

தெஹிவளை அம்மா:
தொப்பி, தண்ணீர், குடை. வெயிலில் ஒதுங்க அதிகம் நிழல் இல்லை. காரைக் கொண்டுபோனால் நிறுத்த இடம் தேடியே காலைப் பொழுது போய்விடும். 138 பஸ்ஸில் வந்து பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இறங்கி நடந்துவிடுங்கள்.

இன்னொன்று. உரிமையாளரிடம் கேட்டால் குதிரைவலு, இயந்திர இலக்கம் என்று சொல்வார். பக்கத்தில் மடக்கு நாற்காலியில் அவருடைய மனைவி இருப்பார், அவரிடம் பேசிப் பாருங்கள். ஒரு பச்சை நிறப் பீட்டிலின் சொந்தக்காரி, அந்தக் கார் எத்தனை கல்யாணங்களுக்கு ஓடியது, எந்த வளைவில் நின்றுபோனது, சமையலறை திருத்தவென்று வைத்திருந்த காசு எப்படி அதன் வயிற்றுக்குள் போனது என்றெல்லாம் எனக்குச் சொன்னார். கணவர் கேட்டும் கேளாதவர்போல விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கறுவாத்தோட்டம்:
கார்களை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள், பார்வையாளர் மேடையையும் நிமிர்ந்து பாருங்கள். 1893இல் தொடங்கிய குதிரைப் பந்தயத் திடல் அது. இரண்டாம் உலகப் போரில் விமான ஓடுபாதையாகியது. 1942 ஏப்ரல் 5, ஜப்பானியர் கொழும்பைத் தாக்கிய காலையில் பிரித்தானியரின் ஹரிக்கேன் போர் விமானங்கள் இங்கிருந்தும் கிளம்பின.

வடமராட்சியான்:
நான் ஒரே ஒரு காரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். எல்லோரும் பளபளக்கும் ஜாகுவார் ஒன்றைச் சூழ்ந்து நின்றார்கள். வரிசையின் கடைசியில், பொலிஷ் மங்கிய ஒரு சோமசெட் ஆளில்லாமல் நின்றது. கியர்க் கம்பி ஸ்டியரிங் தண்டிலேயே இருந்தது. நான் மகளிடம் தமிழில் ஏதோ சொல்ல, அருகில் இருந்த பெரியவர் எழுந்து வந்தார். “இது யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடிய வண்டி, தம்பி” என்றார்.

1990களில் வடக்குக்குப் பெற்றோல் வராத காலம். கார்புரேட்டருக்குள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு, முன்னால் ஹாண்டிலைச் செருகிச் சுற்றி ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றியிருக்கிறார்கள். குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது, அதனால்தான் அந்தச் சொட்டு. ஏறத்தாழ 1200 சி.சி., அழுத்த விகிதமும் குறைவு, ஆகவே தாக்குப்பிடித்தது. அழுத்தம் கூடிய பிற்கால இயந்திரங்களில் இதைச் செய்தால் உள்ளே படபடவென்று அடிக்கும். பெரியவர் பெற்றோலை மருந்துப் போத்தலில் ஊற்றிப் பூட்டிவைத்திருந்தாராம். 1952 முதல் 1954 வரை மட்டுமே தயாரித்த கார். அதைச் செய்தவர்கள் மண்ணெண்ணெயைக் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இலக்கத் தகடுகளைக் கவனியுங்கள். ஆங்கில எழுத்துகளோடு இருக்கும் பழைய தகடுகள் ‘ஸ்ரீ’ எழுத்து வருவதற்கு முந்தியவை. அதன்பின் நடுவில் சிங்கள ஸ்ரீ வந்தது. 1958இல் அந்த எழுத்துக்கு எதிராகத் தமிழரசுக் கட்சி போராடியபோது வடக்கில் தமிழ் ஸ்ரீ எழுதிய தகடுகளோடு வாகனங்கள் ஓடின. இன்று சேகரிப்பாளர்கள் ஸ்ரீத் தகட்டை மினுக்கி வைக்கிறார்கள். பெரியவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டுப் பொனெட்டைத் திறந்து இயந்திரத்தைக் காட்டத் தொடங்கினார்.

கொட்டாஞ்சேனை வாசி:
எல்லோருக்கும் நன்றி. விலை கேட்கலாமா? மகன் கட்டாயம் கேட்பான்.

பழைய இரும்பு:
அவன் கேட்கட்டும், சிறுவன். நீங்கள் கேட்காதீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மீண்டும் வழிவிட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய கார் வைத்திருந்தவர்களிடம் “விற்பீர்களா?” என்று கேட்காத ஆளில்லை, அந்தக் கேள்வியைக் கேட்டாலே முகம் கறுக்கும். “உதிரிப் பாகங்கள் எங்கே எடுக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். உதிரிப் பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தொடங்கி அரை மணி நேரத்துக்கு நிறுத்தமாட்டார்கள். மகனுக்கு பிஸ்கட் கொண்டுபோங்கள்.