பதினாறடிச் சந்துக்குப் பெரிய வண்டி வாங்கலாமா?

மாம்பலத்து ஆல்டோ:
மேற்கு மாம்பலத்தில் எங்கள் சந்து பதினாறு அடி. ஆல்டோவுக்குப் பதினாலு வயதாகிவிட்டது, மாற்ற வேண்டும். மச்சான் டொயோட்டாவின் பெரிய எஸ்யூவி ஃபார்ச்சூனர்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். "உட்கார்ந்தால் ஊரே கீழே தெரியும் மாப்ளே!" மனைவி எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டியதில்லை.

நேற்று டேப்போடு கீழே இறங்கினேன். ஃபிளாட்டில் எனக்குள்ள இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். ஃபார்ச்சூனர் 1.855-க்கு 4.795. முன்னும் பின்னும் சேர்த்து ஒரு சாண்கூட மிஞ்சாது. பக்கவாட்டில் இரண்டு புறமும் சேர்த்து 64 செ.மீ., அதில் ஒரு புறம் தூண். என் தொப்பைக்கு டிக்கி வழியாகத்தான் இறங்க வேண்டும்.

சந்துக் கணக்கு இன்னும் மோசம். எதிர்வீட்டுக்காரர் அதே மாடலை வெளியில்தான் நிறுத்துகிறார். அதற்கு நேரெதிரே இஸ்திரி வண்டி, நாலடி. பதினாறடியில், அதாவது 4.88 மீட்டரில், இரண்டையும் கழித்தால் 1.8 மீட்டர். என் வண்டி நுழையாது, ஆம்புலன்ஸும் நுழையாது. இஸ்திரிக்காரர் இருபது வருஷமாக அங்கே நிற்கிறார், நகரச் சொல்ல எனக்கு வாய் வராது.

வேலைக்குக் கிண்டி வரை மின்சார ரயில், இரண்டாவது ஸ்டேஷன். கார் எடுப்பது ஞாயிற்றுக்கிழமையும் மாதம் ஒருமுறை திண்டிவனத்துக்கும்தான். வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

வேளச்சேரிவாசி:
நான் வாங்கியது தண்ணீருக்குப் பயந்து. 2015 வெள்ளத்தில் சின்ன வண்டி முழுகிப் போனது, அதனால் உயரமானது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் ஏரியாவே மேம்பாலத்தில் கார்களை ஏற்றி நிறுத்தியது. நானும்தான். எனக்கு முன்னால் ஒரு நானோ நின்றது. ஹைவேயில் சுகம் என்பது உண்மை, பொய் சொல்ல மாட்டேன்.

டாப் எண்ட்:
இப்போதுதான் வாங்க வேண்டும் சார். பெரிய எஸ்யூவிக்கு செஸ் சேர்த்து 50 சதவீதம் இருந்த வரி, 2025 செப்டம்பரில் 40 ஆகிவிட்டது.

மாம்பலத்து ஆல்டோ:
நாலு மீட்டருக்குள் அடங்கும் சின்ன இன்ஜின் வண்டிக்கு 18 ஆகியிருக்கிறதே, அதை விட்டுவிட்டீர்கள்.

தெம்பனீஸ் தம்பி:
சிங்கப்பூரில் கார் வைத்துக்கொள்ளும் உரிமைக்கே ஏலம் எடுக்க வேண்டும் அண்ணா, அதுவும் பத்து வருஷத்துக்குத்தான். எனக்குக் கார் இல்லை, பஸ் வாசலில் வருகிறது. பாரிஸில் 2024 பிப்ரவரியில் ஓட்டெடுப்பு நடத்தி, 1.6 டன்னும் அதற்கு மேலும் உள்ள பெட்ரோல், டீசல் வண்டிகளில் வரும் வெளியாட்களுக்கு நடு நகரில் பார்க்கிங் மணிக்கு 18 யூரோ என்று ஆக்கினார்கள். உங்கள் எதிர்வீட்டுக்காரர் சந்துக்கு என்ன கொடுக்கிறார்?

ஸ்கூல் ஆட்டோ:
பதினோரு வருஷமாகப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். அந்த மாதிரி வண்டிக்கு முன்னால் ஒட்டி யூகேஜி பிள்ளை நின்றால், ஓட்டுகிறவருக்கு அதன் தலை ரிப்பன்கூடத் தெரியாது. போன மாதம் ஒருவர் நகர்த்தத் தொடங்கிவிட்டார், நான் பானெட்டைத் தட்டி நிறுத்தினேன். எதற்குத் தட்டினேன் என்று பார்க்காமல் என்னைத் திட்டினார். ஊரே கீழே தெரியுமாம்!

மாம்பலத்து ஆல்டோ:
மச்சான் தன் நண்பரின் வண்டியை ஓட்டிக் காட்ட வந்தார். இஸ்திரி வண்டி வரைதான் வர முடிந்தது. பின்னாலேயே தண்ணீர் கேன் வண்டி. அப்புறம் ரிவர்ஸிலேயே மெயின் ரோடு வரை போனார், இஸ்திரிக்காரர்தான் கை காட்டினார். இன்று காலை வாட்ஸப்பில் நாலு மீட்டர் வண்டிகளின் பட்டியல் வந்திருக்கிறது, மச்சானிடமிருந்து.