பாம்புச் சட்டையை எரித்தது சரியா, தப்பா?

கேள்வி – சுவடிப்பெட்டி:
பஞ்சதந்திரத்தில் தேவசர்மனுக்குப் பாம்பு பிள்ளையாகப் பிறக்கும் கதை நினைவிருக்கும். கல்யாணமான பிறகு ராத்திரியில் அது சட்டையைக் கழற்றிவிட்டு இளைஞனாக வருகிறது, அப்பா அந்தச் சட்டையை எடுத்து எரித்துவிடுகிறார், பையன் மனிதனாகவே தங்கிவிடுகிறான். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் பசீலே எழுதிய பாம்புக் கதையிலும் இதேதான், பெண்ணின் அப்பா சட்டையைத் தீயில் போடுகிறார். ஆனால் மாப்பிள்ளை புறாவாக மாறி, ஜன்னல் கண்ணாடியில் மோதித் தலையை உடைத்துக்கொண்டு பறந்தே போய்விடுகிறான். ஒரே காரியம், ஏன் இப்படி இரண்டு விளைவு?

முற்றத்துநிலா:
அவசரம்தான் காரணம் என்று நினைக்கிறேன். பசீலே கதையில் பெண்ணின் அப்பாவான ராஜா கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே பாய்கிறார், யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிரிம் சகோதரர்களின் முள்ளம்பன்றி ஹான்ஸ் தன் தோலை எரிக்க அவனே ஆள் வைக்கிறான், அங்கே எல்லாம் நல்லபடி முடிகிறது. நார்வேயின் வெள்ளைக் கரடி கதையில், சாபத்தால் பகலில் கரடியாகவும் ராத்திரியில் மனிதனாகவும் இருப்பவனை அவன் மனைவி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்துவிட, ‘இன்னும் ஒரு வருஷம் பொறுத்திருந்தால் விடுதலையாகியிருப்பேன்’ என்கிறான். தோல் யாருடையதோ அவன்தான் நேரம் பார்க்க வேண்டும்.

கரிசல்காடு:
நிலா, அப்படியானால் பஞ்சதந்திரம் இடிக்கிறதே? அங்கேயும் அப்பா மகனைக் கேட்கவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. இரண்டு கதையிலும் பெண்ணை யாருமே கேட்கவில்லை. பஞ்சதந்திரத்தில் மாப்பிள்ளை பாம்பு என்று தெரிந்து சொந்தக்காரர்கள் தடுத்தும், கன்னியைக் கொடுப்பது ஒரு தடவைதான் என்று அவள் வாக்கைக் காப்பாற்றுகிறாள். எல்லோரும் அதைக் கற்பு என்று புகழ்கிறார்கள், எனக்கு அதைப் படிக்கும்போது வயிறு கலங்குகிறது. முகம் பார்க்காமலே கழுத்தை நீட்டிய எத்தனை பாட்டிகளுக்கு அந்த முதல் ராத்திரி பயம் தெரிந்திருக்கும்!

முற்றத்துநிலா:
ஆமாம், அது இடிக்கத்தான் செய்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பசீலேயை முடிவு வரை பாருங்கள். அந்தப் பெண் கிரானோனியா வீட்டை விட்டுத் தனியாகக் கிளம்புகிறாள், நரி சொன்ன மருந்தால் அவன் காயத்தை ஆற்றுகிறாள், கூலியாக அவனையே கணவனாகக் கேட்கிறாள். அவள் யாரென்று தெரியாமல் அவன், என் மனம் வேறொருத்திக்குக் கொடுத்தாகிவிட்டது என்கிறான். அப்புறம்தான் அவள் தன்னைச் சொல்கிறாள். முதல் கல்யாணம் அப்பா செய்து வைத்தது, இது அவள் வாயால் கேட்டது.

சுவடிப்பெட்டி:
நான் புறா பறந்ததோடு நிறுத்தி வைத்திருந்தேன், அவள் கேட்டதை மறந்தே போனேன். கரிசல், உங்கள் பாட்டி கதை ஏதாவது நினைவிருந்தால் இங்கேயே எழுதுங்கள்.