பழைய காஞ்சிபுரம் புடவை: ஜரிகை கறுக்கிறது, மடிப்பு இற்றுப்போகிறது. எப்படி எடுத்து வைப்பது?

கேள்வி | வாசுகி_மயிலை

பாட்டியோட கூறைப்புடவை. ஒன்பது கஜம், அரக்கு உடல், பச்சைக் கரை, 1940கள்ல வாங்கினது. ஸ்டீல் பீரோவுல பிளாஸ்டிக் உறைக்குள்ள பாச்சை உருண்டையோட இருந்திருக்கு. முந்தியில ஜரிகை கறுத்திருக்கு. மடிப்புக் கோட்டுல பட்டு கீறிடுச்சு, விரல் பட்டாலே இழை வருது. ஊர் சென்னை, ஏசி கிடையாது. இனி யாரும் கட்டப்போறதில்ல, பத்திரமா இருந்தா போதும். பாலிஷ் போடலாமா? எதுல சுத்தி வைக்கிறது?

பதில் | ஊடும்பாவும்

பாலிஷ் கூடவே கூடாது. கஞ்சியோ பசையோ தெளித்துச் சூடான உருளையில் இழுப்பதுதான் பாலிஷ். இற்ற பட்டு அந்த இழுவையைத் தாங்காது; மிஞ்சும் கஞ்சிக்கு இராமபாணப் பூச்சி வரும். துவைப்பதும் டிரை கிளீனிங்கும் வேண்டாம்.

கறுப்பைப் பொறுத்தவரை, அசல் ஜரிகை என்றால் உள்ளே சிவப்புப் பட்டு நூல், அதைச் சுற்றி வெள்ளி, மேலே மெல்லிய தங்க முலாம். காற்றிலுள்ள கந்தகம் முலாமின் நுண்துளை வழியாக வெள்ளியைப் பிடிப்பதால்தான் கறுக்கிறது. புளி, பற்பசை, வெள்ளி பாலிஷ் எதைத் தேய்த்தாலும் முதலில் போவது தங்கம். இருக்கும் கறுப்பை விட்டுவிடுங்கள், மேலும் ஏறாமல் பாருங்கள்: ரப்பர் பேண்ட், கம்பளி இரண்டையும் அதே தட்டில் வைக்காதீர்கள். பழைய செய்தித்தாளும் ஆகாது. அமிலமும் மையும் துணியில் இறங்கும்.

பதில் | காடாத்துணி

குழாயில் சுருட்டு என்று பலர் சொல்வார்கள். அகலக் கரைப் புடவைக்கு அது சரிவராது. கரை தடிமன், உடல் மெல்லிசு. எட்டு மீட்டர் சுற்றும்போது இரு ஓரமும் பெருத்து நடுப்பகுதி தொய்ந்து சுருங்கும். இதை மடித்தே வையுங்கள், ஆனால் மடிப்பு தட்டையாக விழக்கூடாது.

கட்டிலில் துவைத்த பருத்தி விரிப்பைப் போட்டு இரண்டு பேராக விரியுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். கரையைப் பிடித்துத் தூக்காமல் கீழே கைகொடுத்துத் தூக்குங்கள், குறிப்பாக முந்தி சேரும் பிட்னி இடத்தில். அமிலமில்லாத டிஷ்யூ தாளை இரண்டு அங்குலத் தடிமனுக்குக் கசக்கி உருட்டி ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் வையுங்கள். தாள் கிடைக்காவிட்டால், பலமுறை துவைத்த, கஞ்சியும் நீலமும் போடாத வெள்ளை வேட்டி போதும். பழைய மடிப்புக் கோட்டில் மறுபடி மடிக்கக்கூடாது. கடைசியில் கஞ்சி போக அலசிய காடாத்துணியில் பொதியுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பு மாற்றுவது நல்ல நிலையிலுள்ள பட்டுக்குச் சொல்வது. இது கீறிவிட்டதால் வருடத்துக்கு ஒருமுறை போதும். கை படுவதும் சேதம்தான். வரும் இழையை வெட்டாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள்.

பதில் | பாரிஜாதம்

பாச்சை உருண்டைக்குப் பதில் கற்பூரம் வைக்கலாம்தானே? எங்க பக்கம் வசம்பும் போடுவாங்க.

பதில் | ஊடும்பாவும்

ஏற்கெனவே பாச்சை உருண்டை இருந்த இடத்தில் கற்பூரம் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் உருகுநிலை இறங்கி, சென்னை வெயில் சூட்டுக்கே இளகி வழியும், கறை போகாது. வசம்பை மல்மல் துணியில் முடிந்து தட்டின் மூலையில் வைக்கலாம், புடவை மேல் படக்கூடாது. ஆனால் அது விரட்டும், கொல்லாது. பூச்சி இருப்பது உறுதியானால் காற்றுப் புகாத பாலித்தீன் பையில் கட்டி, –18 டிகிரி செல்சியஸ் அல்லது அதைவிடக் குளிரான டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஒருநாள் முழுக்கப் பையைப் பிரிக்காதீர்கள். பிரித்தால் குளிர்ந்த துணியில் ஈரம் படியும்.

பதில் | வாசுகி_மயிலை

நன்றி. பீரோவா, மரப்பெட்டியா?

பதில் | காடாத்துணி

பீரோதான் மேடம். மரம் அமில ஆவி விடும். பிளாஸ்டிக் உறை வேண்டாம், ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். வெளிச்சுவரை ஒட்டாமல் பீரோவைத் தள்ளிப்போடுங்கள், அடித்தட்டில் வைக்காதீர்கள். சின்ன ஈரப்பதமானி ஒன்றை உள்ளே வையுங்கள். 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அப்படித்தான் இருக்கும். அப்போது மட்டும் பொதியோடு மூடி இறுகிய பாலிப்ரொப்பிலீன் பெட்டிக்கு மாற்றி சிலிக்கா ஜெல் போடுங்கள். மானி 45-க்குக் கீழே போனால் ஜெல்லில் பாதியை எடுத்துவிடுங்கள், அதிகம் காய்ந்த பட்டும் ஒடியும்.

அதற்கு முன் இப்போதைய உருண்டை வாடை போக, நிழலில் விரித்து மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். கொடியில் தொங்கவிட வேண்டாம், ஜரிகைக் கனமே கிழித்துவிடும்.